பெப்ரவரி வெயிலில் சீலிங் சொட்டுகிறதா? அட்டிக் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

ரொறன்ரோவில் பெப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரண்டு வாரமாக மைனஸ் பதினைந்தில் கிடந்த ஊர் திடீரென்று பிளஸ் நான்குக்கு வரும். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் வீட்டு மேல்மாடிச் சீலிங்கில் சொட்டத் தொடங்கியது. மழை இல்லை, கூரையில் பெரிதாகப் பனியும் இல்லை. கூரை வேலை செய்பவரைக் கூப்பிட்டோம். அவர் ஏறிப் பார்த்துவிட்டு ஷிங்கிள் (கூரையை மூடும் தகடுகள்) எல்லாம் சரியாகவே இருக்கிறது என்றார். அதன் பிறகுதான் ரோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அட்டிக்குக்குள், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் உள்ள வெற்றிடத்துக்குள், தலையை நீட்டினேன். கூரைப் பலகையில் இருந்து கீழே நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஆணி முனையிலும் பஞ்சு உருண்டை மாதிரி உறைபனி கட்டியிருந்தது. தெற்குப் பக்கத்தில் அது உருகி, ஆணிக்கு ஆணி ஒரு சொட்டாக இன்சுலேஷன் (சூடு தப்பாமல் தடுக்கும் விரிப்பு) மேல் விழுந்துகொண்டிருந்தது. வெளித் தண்ணீர் ஒரு துளியும் உள்ளே வரவில்லை. விழுந்ததெல்லாம் எங்கள் வீட்டுக்குள் இருந்து மேலே போன ஈரம்.

எங்கள் வீடு ஸ்காபரோவில், 1970களில் கட்டியது. இந்தப் பகுதியில் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பெரும்பங்கு 1950 முதல் 1980 வரை கட்டியவைதான். அட்டிக் கோளாறும் அவற்றில் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வருகிறது. ஆகவே ஒன்ராறியோக் குளிரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். அட்டிக் என்பது வீட்டின் தலைக்கு மேல் இருக்கும் வெளிப்புறம். மழையும் பனியும் படாத வெளிப்புறம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் அது வெளியே இருக்கும் அளவுக்குக் குளிர்ந்து கிடக்க வேண்டும். உங்கள் சூடும் ஈரமும் சீலிங்குக்குக் கீழேயே நிற்க வேண்டும். இதற்கு மூன்று வேலை இருக்கிறது, அவற்றுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது. முதலில் சீலிங்கில் உள்ள ஓட்டைகளை அடைக்க வேண்டும். இரண்டாவது, கூரையின் அடியோரத்தில் இருந்து முகடு வரை காற்று போக வழி விட வேண்டும். மூன்றாவதாகத்தான் இன்சுலேஷனைத் தடிப்பாக்க வேண்டும். பலர் மூன்றாவதில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் விளம்பரமும் அரசு மானியமும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. ஓட்டையை விட்டுவிட்டு இன்சுலேஷனை மட்டும் கூட்டினால் அட்டிக் இன்னும் குளிரும், ஈரம் முன்புபோலவே மேலே வந்துகொண்டிருக்கும், உறைபனி முன்பைவிட அதிகமாகக் கட்டும். காசு செலவழித்த பிறகு சொட்டத் தொடங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஏறுவதற்கு முன்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அட்டிக்கில் மணல் கலரிலோ பொன் கலந்த சாம்பல் நிறத்திலோ, அரிசிப் பொரி அளவில் மினுங்கும் சிறு கற்கள் மாதிரி ஏதாவது கொட்டியிருந்தால், ஏணியை மடக்கி மூடியைப் போட்டுவிடுங்கள். அது வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்தில் இருந்து 1990 வரை வெட்டி எடுத்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. சோனோலைட் என்ற பெயரில் கனடா வீடுகளுக்கும் அது வந்தது. தொடாமல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. கிளறினால் இழைகள் காற்றில் பறக்கும். பரிசோதனை செய்து, உரிய பயிற்சி உள்ளவர்களை வைத்தே அகற்ற வேண்டும்.

மிகப் பழைய வீடாக இருந்து, மரத்தில் வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் தனித்தனியாக ஓடும் வயர்களைக் கண்டாலும் நிறுத்துங்கள். அந்த வயரிங் தன் சூட்டைக் காற்றில் விட்டு ஆறும்படி அமைத்தது. அதை இன்சுலேஷனால் மூடக் கூடாது. முதலில் எலக்ட்ரீசியன்.

மற்றபடி நல்ல முகமூடி, முழுக்கைச் சட்டை, கையுறை, கீழே ஏணியடியில் ஒருவர். கால் வைப்பது மரக் கட்டைகளில் மட்டும். இன்சுலேஷன் மூடியிருப்பதால் கட்டை எது, ட்ரைவோல் (சீலிங்கின் மெல்லிய ஜிப்சம் பலகை) எது என்று தெரியாது. ஒரு துண்டுப் பிளைவுட்டைக் கொண்டுபோய் இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே போட்டு அதில் முழங்காலிட்டு வேலை செய்யுங்கள்.

அறிகுறி: ஆணி முனைகளில் உறைபனி, வெயில் வந்ததும் சொட்டு

இதுதான் எங்கள் வீட்டுக் கதை. வீட்டுக்குள் 21 பாகை சூடும் 40 வீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று 7 பாகைக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீரை விட்டுவிடும். அட்டிக்கில் கூரைப் பலகை மைனஸ் பதினைந்தில் இருக்கிறது. இரும்பு ஆணி மரத்தைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் முதல் பனி ஆணியில்தான் பூக்கும். சூடான காற்று இயல்பாகவே மேலே ஏறும். குளிர் கூடக் கூட அது மேலே தள்ளும் அழுத்தமும் கூடும். ஒரு வயர் போகும் ஓட்டை போதும், நாள் முழுக்க ஊதிக்கொண்டிருக்கும்.

அது எங்கே ஊதுகிறது என்று கண்டுபிடிக்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. நல்ல குளிர் நாளில், சமையலறை ஃபேனையும் குளியலறை ஃபேனையும் நிறுத்திவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி அட்டிக் மூடியின் நான்கு ஓரங்களிலும் மெல்ல நகர்த்துங்கள். புகை நேரே எழுந்து சீலிங்கில் பரவினால் சரி. மூடியின் விளிம்பில் வளைந்து உள்ளே இழுபட்டால் அங்கே கசிவு. அப்புறம் சீலிங்கில் பதித்த லைட்டுகள், ஃபேன் கூடு, தொங்கு விளக்கின் அடித்தட்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மேலே ஏறிய பிறகு இன்னொரு அடையாளம் கிடைக்கும். கண்ணாடி இழை இன்சுலேஷனைத் தூக்கிப் பாருங்கள். சில இடங்களில் அதன் அடிப்புறம் கறுத்திருக்கும். முதலில் பார்த்தபோது பூஞ்சணம் என்று நினைத்தேன். அது பல வருடமாக அந்த வழியால் ஏறிய காற்று விட்டுப்போன தூசி. இழை அதை வடிகட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. கறுப்பு எங்கே இருக்கிறதோ நேர் கீழே ஓட்டை இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு உள்சுவரின் தலைக்கட்டை நெடுகிலும் கறுப்புக் கோடு ஓடியது. கட்டைக்கும் ட்ரைவோலுக்கும் இடையில் விரல் நகம் போகும் அளவு இடைவெளி, பன்னிரண்டு அடி நீளத்துக்கு.

சிறு இடைவெளிகளுக்கு அக்கூஸ்டிக்கல் சீலண்ட், வயர் மற்றும் குழாய் ஓட்டைகளுக்கு ஸ்பிரே ஃபோம். பேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) புகைக்குழாயைச் சுற்றி மட்டும் ஃபோம் அடிக்கவே கூடாது. அது சுடும் குழாய். அங்கே தகரத் தகடு வெட்டி வைத்து, அதிக சூடு தாங்கும் சீலண்ட் பூசி, இன்சுலேஷன் குழாயைத் தொடாதபடி தகரத்தால் ஒரு வளையம் கட்ட வேண்டும். அட்டிக் மூடிக்கு ஓரத்தில் ரப்பர் பட்டி ஒட்டி, மேற்புறம் கெட்டி ஃபோம் பலகையைத் தடிப்பாக ஒட்டுங்கள். சும்மா ட்ரைவோல் துண்டைப் போட்டு மூடியிருக்கும் வீடுதான் அதிகம். பழைய பதி விளக்குகள் இரண்டு விதத்தில் தொல்லை: காற்றும் கசியும், மேலே இன்சுலேஷன் போட்டால் சூடேறும். இன்சுலேஷன் தொடலாம் என்றும் காற்றுப் புகாது என்றும் குறிக்கப்பட்ட எல்ஈடி வகைக்கு மாற்றிவிடுவதே நல்லது.

இனி வீட்டு ஈரம். நம் வீடுகளில் இது பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் நேராகவே பேசுகிறேன். பிட்டு, இடியப்பம், இட்லி என்று தினமும் ஆவியில் அவிக்கிறோம். சோறு கொதிக்கிறது. பேஸ்மென்டில் உடுப்புக் காய்கிறது. ஆறு ஏழு பேர் இருக்கும் வீடு. தைப்பொங்கல் வருவதோ வருடத்தின் மிகக் குளிரான வாரங்களில். இதில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுப்புக்கு மேல் உள்ள ஃபேன் உண்மையிலேயே வெளியே ஊதுகிறதா என்று பாருங்கள். பல ஃபேன்கள் காற்றை ஒரு வடிகட்டியில் விட்டு அப்படியே திரும்ப உங்கள் முகத்துக்கு அனுப்புகின்றன. குழாய் இருந்தாலும் வெளிச்சுவரில் அதன் மூடி திறந்து அடிக்கிறதா என்று ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு மீற்றர் ஒன்றை வாங்கி வையுங்கள். வெளியே மைனஸ் பத்துக்குக் கீழே போனால் உள்ளே 30 வீத அளவில் வைத்திருக்கப் பாருங்கள். பேர்னஸில் ஹியூமிடிஃபையர் பூட்டியிருந்தால் அதன் திருகு எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். முந்தைய வீட்டுக்காரர் முழுதாகத் திருப்பி விட்டுப் போயிருக்கலாம்.

அறிகுறி: பீலியில் (கூரையோர மழைநீர் வாய்க்காலில்) ஐஸ் தூண்கள், சுவரோரமாக சீலிங்கில் ஈரம்

பார்ப்பதற்கு அழகாகத் தொங்கும். ஆனால் அந்த ஐஸ் உங்கள் கேஸ் பில்லில் இருந்து வந்தது. சீலிங் வழியாகத் தப்பிய சூடு கூரைப் பலகையைச் சூடாக்க, பனியின் அடிப்பகுதி உருகி கீழே ஓடுகிறது. சுவரைத் தாண்டிய கூரை ஓரத்துக்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. தண்ணீர் அங்கே வந்ததும் உறைந்து அணை கட்டும். பின்னால் வரும் தண்ணீர் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியால் ஏறி, வெளிச்சுவர் ஓரமாக உள்ளே இறங்கும்.

மெல்லிய பனி விழுந்த மறுநாள் காலை தெருவுக்குப் போய் உங்கள் கூரையையும் அக்கம்பக்கத்துக் கூரைகளையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் கூரையில் பனி விரித்த வேட்டி மாதிரி கிடந்து, உங்கள் கூரையில் மட்டும் ஷிங்கிள் தெரிந்தால் பதில் கிடைத்துவிட்டது. எந்த இடம் முதலில் உருகியிருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். அந்த இடத்துக்கு நேர் கீழே அநேகமாக அட்டிக் மூடி, குளியலறை ஃபேன் அல்லது இன்சுலேஷன் விலகிய ஒரு பள்ளம் இருக்கும்.

ஐஸைக் கோடரியால் கொத்தாதீர்கள், ஷிங்கிளும் சேர்ந்து போகும். நிலத்தில் நின்றபடியே நீண்ட கைப்பிடி உள்ள கூரை வாரியால் கீழ்ப்பகுதிப் பனியை இழுத்து விடுங்கள். உள்ளே சொட்டிக்கொண்டிருந்தால், பழைய காலுறை ஒன்றில் கால்சியம் குளோரைட் உப்பை நிரப்பி ஐஸுக்குக் குறுக்கே வைத்தால் தண்ணீர் இறங்க ஒரு வாய்க்கால் உருகித் திறக்கும். பீலியோரம் சூட்டு வயர் ஓட்டுவது அணைக்கு வழி வெட்டிக் கொடுக்கும், சூடு தப்புவதை நிறுத்தாது. நிரந்தர மருந்து மேலே சொன்ன அதே ஓட்டை அடைப்பும், அதற்குப் பிறகு இன்சுலேஷனும்தான்.

அறிகுறி: கூரைப் பலகை கறுத்திருக்கிறது, குறிப்பாக வடக்குப் பக்கம்

ஈரம் உலர நேரமில்லாமல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சணம் வரும். வடக்குக் கூரையில் வெயில் படுவது குறைவு, அதனால் அங்கே முதலில் வரும். ஸ்குரூட்ரைவர் முனையால் பலகையை அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் மரம் தப்பித்தது. முனை உள்ளே புதைந்தால் பலகை மாற்ற வேண்டும்.

இங்கே ஓட்டைகளோடு காற்று வழியையும் சந்தேகப்பட வேண்டும். பகலில் அட்டிக்குக்குள் விளக்கை அணைத்துவிட்டுக் கூரை அடியோரங்களைப் பாருங்கள். சொஃபிட் (சுவரைத் தாண்டி நீளும் கூரையோரத்தின் அடித்தட்டு) வழியாக மெல்லிய வெளிச்சம் தெரிய வேண்டும். கும்மிருட்டு என்றால் அடைப்பு. அடைப்புக்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று, இன்சுலேஷனை ஊதி நிரப்ப வந்தவர்கள் ஓரம்வரை ஊதிவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் வடக்குப் பக்கம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது கொஞ்சம் மறைவானது. வெளியே நின்று பார்த்தால் துளை போட்ட அலுமினியச் சொஃபிட் பளபளவென்று இருக்கும். அதன் ஒரு தகட்டைக் கழற்றினால் பின்னால் பழைய பிளைவுட் ஓட்டையே இல்லாமல் அப்படியே இருக்கும். மேலே அலுமினியத்தை ஒட்டியவர்கள் பலகையை வெட்டாமல் விட்டிருப்பார்கள்.

சரிசெய்வது இப்படி: ஓரத்தில் குவிந்த இன்சுலேஷனைக் கையால் பின்னுக்கு இழுத்து, ஒவ்வொரு கைமரத்துக்கும் இடையில் ஒரு பஃபிள் தட்டை (இன்சுலேஷன் காற்று வழியை மூடாமல் தடுக்கும் தட்டு) பலகையோடு ஸ்டேப்பிள் அடியுங்கள். ஃபோமிலோ பிளாஸ்ரிக்கிலோ கிடைக்கும், விலை அதிகமில்லை. தட்டுக்கும் பலகைக்கும் இடையில் குறைந்தது 25 மில்லிமீற்றர் காற்றிடம் வேண்டும். தட்டின் மேல்முனை, போடப்போகும் இன்சுலேஷனைவிட 50 மில்லிமீற்றராவது உயர்ந்து நிற்க வேண்டும். குனிந்து குனிந்து முதுகு ஒடியும் வேலை. ஆனால் அட்டிக்கில் செலவழிக்கும் நேரத்தில் இதைவிடப் பலன் தரும் வேலை, ஓட்டை அடைப்பைத் தவிர, வேறில்லை என்பது என் எண்ணம்.

எவ்வளவு காற்று வழி தேவை என்று கேட்பவர்களுக்கு: கனடாக் கட்டட விதி, இன்சுலேஷன் போட்ட சீலிங் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. சரிவு மிகக் குறைந்த கூரைக்கு நூற்றைம்பதில் ஒரு பங்கு. 1200 சதுர அடிச் சீலிங் என்றால் 4 சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். பாதியைக் கீழே சொஃபிட்டிலும் பாதியை மேலே முகட்டருகிலும் வைப்பது நல்ல கணக்கு. கூரையில் வைக்கும் சதுரப் பெட்டி வென்ட் ஒன்று 50 சதுர அங்குல அளவில் திறப்புத் தரும், ஆகவே மேலே ஆறு வேண்டும். வெளி அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வலையும் தடுப்பும் கழித்த நிகரத் திறப்பு பெட்டியில் எழுதியிருக்கும்.

மேலே வென்டைக் கூட்டுவது சுலபம் என்பதால் பலர் அதை மட்டும் செய்கிறார்கள். கீழே வழி அடைபட்டிருக்க மேலே மட்டும் இழுத்தால் காற்று எங்கிருந்து வரும்? சீலிங் ஓட்டை வழியாக, உங்கள் வீட்டுக்குள் இருந்து வரும். மின் ஃபேன் பூட்டினால் இன்னும் மோசம். சூடாக்கிய காற்றையும் ஈரத்தையும் காசு கொடுத்து உறிஞ்சுவது போலாகும். மின் ஃபேனை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

அறிகுறி: குளியலறை ஃபேனைச் சுற்றி மஞ்சள் வட்டம்

மேலே ஏறி ஃபேன் குழாயைக் கையால் பின்தொடருங்கள். இன்சுலேஷன் மேல் வாயைத் திறந்தபடி கிடந்தால், தினமும் ஒரு குடும்பத்தின் குளியல் ஆவி முழுக்க அட்டிக்கில் கொட்டுகிறது. சொஃபிட் பக்கம் கொண்டுபோய் விட்டிருந்தாலும் சரியில்லை, வெளியே போன ஈரம் பக்கத்துத் துளையாலேயே திரும்ப உள்ளே ஏறும். இன்சுலேஷன் சுற்றிய குழாயால் நேராகக் கூரைக்குக் கொண்டுபோய், அதற்கென்றே உள்ள மூடியில் இணைத்து, மூட்டுகளை அலுமினிய டேப்பால் சுற்றுங்கள். சாதாரண வெற்றுக் குழாயாக இருந்தால் ஆவி உள்ளேயே தண்ணீராகி ஃபேன் வழியாகச் சொட்டும். அந்த மஞ்சள் வட்டம் பாதி நேரம் இதுதான்.

ஃபேன் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு தாள் ரிஷ்யூவை அதன் முகத்தில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குளித்த பிறகும் அரை மணி நேரம் ஓட வேண்டும், டைமர் சுவிட்ச் போட்டால் யாரையும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

அறிகுறி: மேல்மாடி கோடையில் அவிகிறது, குளிரில் நடுங்குகிறது

ஒரு அடிமட்டத்தை இன்சுலேஷனுக்குள் பல இடங்களில் குத்தி ஆழம் எடுங்கள். சாம்பல் நிறக் கடதாசிக் கூழ் மாதிரி இருந்தால் செலுலோஸ், அங்குலத்துக்கு சுமார் ஆர் 3.5 (ஆர் என்பது சூடு தப்புவதைத் தடுக்கும் திறனின் அளவு). ஊதிப் போட்ட கண்ணாடி இழை என்றால் சுமார் ஆர் 2.5. புதிய வீடுகளுக்கு இப்போது ஒன்ராறியோவில் ஆர் 60 அளவில் போடுகிறார்கள், செலுலோஸில் அது 17 அங்குலம். பழைய வீட்டில் ஐந்து ஆறு அங்குலம் இருந்தால் குறையை வெளியே தேட வேண்டியதில்லை.

பழைய இன்சுலேஷன் உலர்ந்து சுத்தமாக இருந்தால் அதன் மேலேயே போடலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்ரிக் விரிக்காதீர்கள். ஈரத்தடுப்புப் பிளாஸ்ரிக் சூடான பக்கத்தில், சீலிங் ட்ரைவோலை ஒட்டித்தான் இருக்க வேண்டும். நடுவில் போட்டால் ஈரம் அதன் அடியில் சிக்கிக்கொள்ளும்.

கோடை வெக்கைக்கு வென்டைக் கூட்டச் சொல்வார்கள். வெயிலில் கொதிக்கும் கூரைப் பலகையின் சூடு பெரும்பாலும் கதிராகவே கீழே இறங்குகிறது, அதைத் தடுப்பது தடித்த இன்சுலேஷன். ஆழம் சரியாக இருந்தும் அவிந்தால் மேற்குப் பார்த்த ஜன்னலையும், மேல்மாடிக்கு வரும் ஏசிக் காற்று போதுமா என்பதையும் பாருங்கள்.

1940களில் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காகக் கட்டிய ஒன்றரை மாடி வீடுகளில் கதை வேறு. அறையின் சரிந்த சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் சில அங்குலம்தான் இருக்கும். அதில் இன்சுலேஷனை அடைத்து நிரப்பினால் காற்று வழியே இல்லாமல் போகும். அந்த வீட்டுக்கு இந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்ற வேண்டாம், நேரில் வந்து பார்க்கும் எனர்ஜி ஆலோசகர் ஒருவர் தேவை.

வரிசையும் காலமும்

ஓட்டை தேடுவதைக் கடும் குளிரில் செய்யுங்கள், அப்போதுதான் புகை தெளிவாகக் காட்டும். அடைக்கும் வேலையைச் சித்திரை, வைகாசியில் அல்லது ஒக்ரோபரில் வைத்துக்கொள்ளுங்கள். யூலையில் அட்டிக்குக்குள் ஏறுவது உடம்புக்குக் கேடு. இன்சுலேஷன் ஊத ஆள் பிடிப்பதென்றால், பஃபிள் போட்டு முடித்த ஓரங்களையும் அடைத்த ஓட்டைகளையும் மூடுமுன் படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர்களிடம் அதைக் கேட்காமல் விட்டதால்தான் வடக்குப் பக்கத்தை இரண்டாம் முறை நானே கிளறி எடுக்க வேண்டி வந்தது.

அடுத்த குளிரில் தை மாதம் ஒரு இரவு மைனஸ் இருபதுக்குப் போனது. மறுநாள் காலை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். முகத்தில் சில்லென்று அடித்தது, ஆணிகள் எல்லாம் வெறும் ஆணிகளாகவே இருந்தன.